நைனாவுக்கு வாசித்துக் காட்டிய மூன்று தன்வரலாறுகள்

நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, பார்வை மங்கி இரண்டு வருஷமாகிறது. துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து கிளை நூலகமே கதி என்று இருந்தவர். இப்போது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் நான் வாசிக்கிறேன், அவர் கேட்கிறார். “கதை வேணாம் பாப்பா, நடந்ததைப் படி” என்பார். அப்படி மூன்று பெரிய தன்வரலாறுகளை முடித்துவிட்டோம்: உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’, ம.பொ.சி.யின் ‘எனது போராட்டம்’, திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’. எதை முதலில் படிக்கலாம் என்று எங்கள் தெருப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

வாய்விட்டு வாசிக்கும்போது புத்தகத்தின் குணம் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. கண்ணால் படித்தால் நான்கு வரி தாண்டிப் போகலாம். இங்கே முடியாது. பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் சத்தம் கேட்டால் நிறுத்தி, அது அடங்கிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அந்த இடைவெளியில் “அப்புறம்?” என்று நைனா கேட்டால் அது நல்ல பக்கம்.

அந்த “அப்புறம்” அதிகம் வந்தது ‘என் சரித்திரத்து’க்குத்தான். 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்து 122 அத்தியாயம் வந்தது. எழுத ஆரம்பிக்கும்போது ஐயருக்கு 84 வயது. ஆனால் பதினேழு வயதுப் பையனின் பயமும் ஆசையும் அப்படியே இருக்கின்றன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, ‘வெங்கட்ராமன்’ என்ற பெயர் வேண்டாம், வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டு, ‘சாமா’விலிருந்து ‘சாமிநாதன்’ ஆக்குகிற இடத்தில் நைனா எழுந்து உட்கார்ந்துவிட்டார். பிள்ளைக்குச் சங்கீதம் பிடிக்காது என்று தெரிந்ததும் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் கற்றுவந்த பாட்டை ஐயர் விட்டுவிடுகிறார். அங்கே நைனா வெகுநேரம் பேசவில்லை. வாத்தியாருக்காக இவ்வளவா என்று நினைத்திருப்பார்.

எனக்குப் பிடித்தது 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கிற பகுதி. படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் ஐயர் வரிசையாகச் சொல்கிறார். முதலியார் அசையவே இல்லை. சிந்தாமணி தெரியுமா, மணிமேகலை தெரியுமா, சிலப்பதிகாரம் தெரியுமா என்று கேட்கிறார். தெரியாது. அந்தக் கூச்சத்தில் ஆரம்பித்த தேடல், 1887இல் சீவகசிந்தாமணி அச்சாகி வரும்வரை விடவில்லை. தான் அவமானப்பட்டதைத் தன் எழுத்தில் மறைக்காமல் வைக்கிற மனசு எல்லோருக்கும் வராது.

குறை இல்லாமல் இல்லை. அந்த உலகம் அக்கிரகாரமும் மடமும் ஏட்டுச்சுவடியும். எங்களைப் போன்றவர்கள் அதில் வெளியாட்கள். 1942 ஏப்ரலில் ஐயர் இறந்துபோனதால் புத்தகம் முடிவில்லாமல் நின்றுவிடுகிறது. அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தது 1903இல். அந்தக் காலத்துக்கு எழுத்து வந்து சேரவே இல்லை.

ம.பொ.சி.யின் புத்தகத்தை எடுத்தபோது நைனாவுக்கு இருந்த ஆசை எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவர், அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், சிலப்பதிகாரத்துக்கு ஊர் ஊராக மேடை போட்டவர். 1942 போராட்டத்தில் கைதாகி அமராவதிச் சிறையில் நோயில் கிடந்து உயிர் பிழைத்து வந்தவர். இந்த வாழ்க்கையே ஒரு மனிதனுக்கு நம்பிக்கை தரும். எழுத்தும் சுத்தமானது, எங்கேயும் குழப்பம் இல்லை. ஆனால் மாநாடு, தீர்மானம், அறிக்கை என்று அடுக்கிக்கொண்டே போகும்போது எனக்குத் தொண்டை வறண்டது, நைனாவுக்குக் கண் சொருகியது. கண்ணால் படிக்கிறவர்களுக்கு அந்த ஆவணங்கள் பயன்படும். எல்லைப் போராட்ட வரலாறு எழுதுகிறவர் இதைத் தொடாமல் எழுத முடியாது.

ஆந்திரம் தனியாகப் பிரியும்போது சென்னை யாருக்கு என்ற பகுதியில் மட்டும் எங்கள் வீடு விழித்துக்கொண்டது. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திரம் கேட்டு உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டது இதே ஊரில். ‘தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்’ என்று ம.பொ.சி. முழங்கியதும் இதே ஊரில். பக்கத்து வீட்டு மாமா தெலுங்கு பேசுகிறவர். அன்றைக்கு வாசற்படியில் உட்கார்ந்து கேட்டார். “அப்போ எங்க அம்மா, நம்மள எங்கயாவது அனுப்பிடுவாங்களான்னு அழுதுச்சாம்” என்றார். நைனா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவை நான் கூப்பிடுகிற ‘நைனா’வே தெலுங்கு வழியாக வந்த வார்த்தைதான். அந்தப் போராட்டம் தேவை இல்லாதது என்று நான் சொல்லவில்லை. தலைநகரம் நம்மிடம் இருப்பதில் அவருக்குப் பங்கு உண்டு, நன்றியும் உண்டு. ஆனால் இரண்டு பாஷையும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்கிற தெருக்களின் மனசை வேறு யாராவது எழுத வேண்டும்.

சரி, திரு.வி.க.வுக்கு வருகிறேன்.

1944இல் வந்த ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ கதைபோல ஓடாது. பிறப்பு, படிப்பு, நோய், ஆசிரியப் பணி, பத்திரிகை, தொழிலாளர், சன்மார்க்கம் என்று பொருள்வாரியாகப் போகும். சின்னச் சின்ன வாக்கியம், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கு. முதல் வாரம் எனக்கு மூச்சு முட்டியது. பிறகு அது மேடைக்காரரின் மூச்சு என்று புரிந்தது. அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி வாசித்தால் குரல் தானாகவே எழுகிறது. சமய நெறி பேசும் பக்கங்கள் எனக்கு நீளம்தான். கதை சொல்வதில் ஐயரை இவர் எட்டவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதில் பெரம்பூர் வருகிறது, எங்கள் புளியந்தோப்பு வருகிறது. பெரம்பூரில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் பஜனை, பிரசங்கம் என்று ஒரு சபை நடத்துகிறார்கள். அங்கே வருகிற மில் ஆட்களின் பாடு அவர்களை உறுத்துகிறது. அதிலிருந்து 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கிறது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது, நாங்கள் நடந்து போகிற தூரத்தில் ஆரம்பித்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒருவரும் இதை எனக்குச் சொன்னதில்லை. நாற்பது வயதுக்கு மேல், நைனாவுக்கு வாசிக்கும்போது தெரிந்துகொண்டேன்.

1921க்கு வந்தோம். பக்கிங்காம் மில்லில் ஜூனில் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் வரை நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். அதில் பிளவு வந்தது, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி.ராஜா அவர்கள் பக்கம் நின்று பேசினார். திரு.வி.க.வையோ நாடு கடத்திவிடுவதாகக் கவர்னர் வில்லிங்டன் மிரட்டினார். அந்த மிரட்டலுக்கு அவர் கலங்கவில்லை என்பதை வாசிக்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

நைனா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“குடிசை எரிஞ்ச அன்னிக்கு எங்கப்பாவுக்கு மூணு வயசு. எங்க பாட்டி இடுப்புல தூக்கிக்கினு ஓடுச்சாம். வேலைக்குப் போனவங்கள துரோகின்னாங்க. போவலன்னா அடுப்பு எரியாது. ரெண்டு பக்கமும் பசிதான் பாப்பா. இவரு நல்ல மனுஷன். ஆனா சங்கத்து வாசல்ல நின்னுக்கினு பாத்தாரு. எங்க வாசல்ல நின்னு பாக்கல.”

இதை அவர் எனக்கு அதற்கு முன்னால் சொன்னதே இல்லை. அந்தக் குடும்பத்தில் பிறந்து இத்தனை வருஷம் ஆகியும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு மேற்கொண்டு வாசிக்கவில்லை. பத்து மணி தாண்டியும் பாட்டி ஓடிய சந்து, பிறகு போய்த் தங்கிய இடம், தாத்தா அதே மில்லில் நெசவுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பேசிக்கொண்டே இருந்தார்.

அதனால்தான் என் முடிவு இது. சுகமாக வாசிக்கவும் தமிழின் அழகுக்கும் ‘என் சரித்திரம்’. ஊரின் அரசியலைத் தெரிந்துகொள்ள ‘எனது போராட்டம்’. ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்று முதல் புத்தகமாக வாங்குவதானால் ‘வாழ்க்கைக் குறிப்புகளை’யே வாங்கட்டும். வீட்டில் வயதானவர் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, 1921 வருகிற இடத்தை வாய்விட்டுப் படிக்கட்டும். பெரம்பூரில் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் உண்டே என்று ஒரு நண்பர் கேட்டார். அருமையான புதையல்தான், ஆனால் இருபத்தைந்து வருஷத்து நாட்குறிப்பு அது. அதை அப்புறம் பார்க்கலாம்.

எங்கள் பிரதியில் அந்த 1921 பக்கத்தின் ஓரத்தில் நைனா சொன்னதைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். ஓரம் போதவில்லை, ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து ஒட்டியிருக்கிறேன். போன வாரம் அதை வாசித்துக் காட்டினேன். சந்தின் பெயரைத் தப்பாக எழுதியிருப்பதாகச் சொல்லித் திருத்தினார்.