எலும்பைக் கையில வச்சுப் படிக்கிறதா, த்ரீடி ஆப்லயா?

ஃபர்ஸ்ட் இயர் லீவுக்கு காரைக்குடி வந்தப்போ அனாட்டமி (உடற்கூறு) படிக்க சீனியர் குடுத்த போன் செட்டையும், அதாவது மனுஷ எலும்புத் தொகுப்பையும் தூக்கிட்டு வந்தேன், அப்பத்தா அதை வளவுக்குள்ள, அதான் வீட்டு உள்முற்றத்துக்குள்ள, கொண்டு வரக்கூடாதுன்னுட்டாங்க, சரின்னு திண்ணையிலயே உக்காந்து படிச்சேன், பக்கத்துல ஃபோன்ல உடம்பை த்ரீடில காட்டுற ஆப்பும் ஓடிட்டு இருந்துச்சு.

எலும்புன்னா விரலே படிச்சுக்குது. ஹ்யூமரஸ், அதாவது மேல்கை எலும்போட பின்பக்கம் கட்டைவிரலை வச்சுத் தேச்சா சாய்வா ஒரு பள்ளம் தட்டுப்படும், அதான் ரேடியல் க்ரூவ், ரேடியல் நரம்பு அதை ஒட்டித்தான் போகுது, அதனாலதான் எலும்பு நடுவுல உடைஞ்சா நரம்பும் அடிபட்டு மணிக்கட்டைத் தூக்க முடியாம கை தொங்கிடலாம். தொட்டுப் பாத்தா இது மறக்கவே மறக்காது. வலது இடது கண்டுபிடிக்கிறதும் அப்படித்தான், எலும்போட உருண்டைத் தலை உள்பக்கம், முழங்கை கிட்ட இருக்குற ஒலெக்ரனான் குழி பின்பக்கம். வைவாவுல (வாய்மொழித் தேர்வுல) கையில குடுக்கப்போறதும் எலும்பைத்தான்.

ஆனா தசைக்கு ஆப்தாங்க. தோள் மூட்டைச் சுத்திப் பிடிச்சிருக்குற ரொட்டேட்டர் கஃப் 4 தசை, சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டீரீஸ் மைனர் மூணும் ஹ்யூமரஸ் மேல்முனையில இருக்குற பெரிய மேடான கிரேட்டர் ட்யூபர்கிள்ல ஒட்டும், சப்ஸ்காபுலாரிஸ் மட்டும் முன்னாடி சின்ன மேடான லெஸ்ஸர் ட்யூபர்கிள்ல. எலும்புல இதெல்லாம் வெறும் மேடு, ஆப்ல தோளை மூடியிருக்குற டெல்டாய்டு தசையை எடுத்துட்டு ஒவ்வொண்ணா கழட்டிப் பாக்கலாம்.

என்னைக் கேட்டா மொதல்ல எலும்பு, அப்புறம் ஆப், மாத்திப் படிச்சா படம்தான் மனசுல நிக்குது, இடம் நிக்கல. மணிக்கட்டு எலும்பு 8-ம் மட்டும் ரெண்டுலயும் குழப்பம்தான், கடைசியில அப்பத்தா கையைப் பிடிச்சு கட்டைவிரல் அடியில இருக்குற குழியை அழுத்தி, "அந்த எட்டுல ஒண்ணு, இதுதான் ஸ்கேஃபாய்டு, அப்பத்தா"ன்னு காட்டினேன்.