மணிக்கட்டா, தொடையிடுக்கா: ஏபிஜி ரத்தம் எடுக்கும் இடத்தைத் தேர்தல்

பூச்சிமருந்து உடலில் ஏறியவர், பாம்பு தீண்டியவர், நாள்பட்ட நுரையீரல் நோயால் மூச்சுத் திணறுபவர் ஆகியோர் காவிரிப் படுகையின் அவசரப் பிரிவுகளுக்குப் புதியவர்கள் அல்லர். இவர்களுக்கு, ரத்தத்தின் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, அமிலத்தன்மை ஆகியவற்றை அளக்கும் ஏபிஜி எனப்படும் ரத்த வாயுப் பரிசோதனை தேவைப்படும்போது, தமனி ரத்தத்தை எங்கே எடுப்பது என்ற கேள்வி எழுகிறது. ஊசி எங்கே எளிதாக ஏறும் என்பதைவிட, ஊசியை உருவிய பின் ரத்தத்தை எங்கே அழுத்தி நிறுத்த முடியும் என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

அந்த அளவுகோலின்படி மணிக்கட்டின் ரேடியல் தமனியே முதலிடம் பெறுகிறது. அது தோலுக்கு அருகில், எலும்பின் மேல் கிடப்பதால் விரலால் அழுத்துவது எளிது. அது அடைபட்டாலும் பெரும்பாலானோருக்கு மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்து அல்னார் தமனி உள்ளங்கைக்கு ரத்தம் தந்துவிடும். இதை அறியவே மாற்றியமைக்கப்பட்ட ஆலன் சோதனை செய்யப்படுகிறது: கையை மூடச் சொல்லி இரண்டு தமனிகளையும் அழுத்தி, கையைத் திறந்ததும் அல்னாரை மட்டும் விட்டால், வெளுத்த உள்ளங்கை 5 முதல் 15 நொடிக்குள் சிவக்க வேண்டும். இச்சோதனை முற்றிலும் நம்பத்தக்கதன்று என்ற வாதம் உண்டெனினும், அரை நிமிடம்கூட ஆகாத ஒன்றைத் தவிர்க்க நான் காரணம் காணவில்லை. நடவு வயலிலிருந்து நேரே தூக்கி வரப்பட்டவரின் கையில் சேறு காய்ந்திருந்தால், நிறமாற்றமும் தெரியாது, கிருமிநாசினியும் தோலைத் தொடாது. முதலில் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். பிறகு மணிக்கட்டின் கீழ் சுருட்டிய துண்டை வைத்துச் சற்றே பின்னோக்கி வளைத்து, 23 அல்லது 25 கேஜ் அளவுள்ள மெல்லிய ஊசியை 30 முதல் 45 பாகைச் சாய்வில் செலுத்தலாம்.

தொடையிடுக்கின் ஃபெமோரல் தமனிக்குச் சாதகமாக ஒரே ஒரு வலுவான வாதம் உண்டு: ரத்த அழுத்தம் சரிந்து மணிக்கட்டில் நாடியே கிடைக்காதபோதும் அங்கே துடிப்பு அகப்படலாம். பூச்சிமருந்து நச்சில் இதயத்துடிப்பு குறைந்து அழுத்தமும் இறங்கியவரிடம் இந்தத் தேவை எழுகிறது. ஆனால் தமனி ஆழத்தில் இருக்கிறது, பக்கத்திலேயே சிரை ஓடுகிறது, தொற்று வாய்ப்பும் கூடுதல். கருத்த ரத்தம் துடிப்பின்றி ஏறி, முடிவில் வரும் ஆக்சிஜன் அளவு, விரல்முனையில் மாட்டி ஆக்சிஜனை அளக்கும் கருவி காட்டுவதோடு பொருந்தாவிட்டால், ஊசி சிரையில் இறங்கியிருக்கலாம் என ஐயுற வேண்டும். கசிவு வயிற்றின் பின்புறத்துக்குள் பரவினால் வெளியே ஒன்றும் தெரியாது என்பதே பெரிய ஆபத்து. பல இடங்களில் இதை மருத்துவரே செய்கிறார்; அதுவே முறை.

முழங்கை மடிப்பின் பிரேக்கியல் தமனிக்கு மாற்று ரத்த ஓட்டம் குறைவு, அருகில் மீடியன் நரம்பும் உள்ளது. கடைசி வாய்ப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எந்த இடமானாலும் மாதிரியைக் கெடுக்கும் தவறுகள் ஒன்றே. காற்றுக் குமிழி ஆக்சிஜன் அளவை அறைக்காற்றின் அளவை நோக்கி இழுக்கும். ரத்தம் உறையாமலிருக்கச் சிரிஞ்சில் இடும் திரவ ஹெப்பாரின் மிகுந்தால் கார்பன் டை ஆக்சைடும், அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்டும் குறைந்து காட்டும். பிளாஸ்டிக் சிரிஞ்சில் எடுத்ததை ஐஸில் வைக்காமல் 30 நிமிடத்துக்குள் பரிசோதிக்க வேண்டும் என்பதால், மன்னார்குடியில் எடுத்துத் தஞ்சாவூருக்கு அனுப்புவது பயனற்றது. நோயாளி அப்போது பெற்றுவந்த ஆக்சிஜன் அளவையும் சீட்டில் எழுத வேண்டும்.

ஊசியை எடுத்தபின் மணிக்கட்டில் குறைந்தது 5 நிமிடம் கையாலேயே அழுத்த வேண்டும். ரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவருக்கும் தொடையிடுக்கிலும் இன்னும் நீண்ட நேரம் தேவை. ஆனால் கண்ணாடி விரியன் தீண்டி ரத்தம் உறையும் தன்மை இழந்தவரிடம் எவ்வளவு அழுத்தினாலும் போதாமல் போகலாம். கண்ணாடிக் குழாயில் விட்ட ரத்தம் 20 நிமிடத்தில் உறையாதவரிடம் தமனியில், குறிப்பாகத் தொடையிடுக்கில், ஊசி இறக்கவே கூடாது என்பேன். அவருக்குச் சிரை ரத்தத்தின் வாயுப் பரிசோதனை பிஎச் (அமில-காரத் தன்மை), பைகார்பனேட் இரண்டையும் ஏறத்தாழச் சொல்லிவிடும். அதில் கிடைக்காத ஆக்சிஜன் நிலையை விரல்முனைக் கருவியில் பார்த்துக்கொள்ளலாம்.