டஃபன் கிளாஸ் என்று சொல்லி சாதாக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள், 18,500 ரூபாய் போச்சு

வயிறு எரிகிறது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் வேன், டிரெய்லர் என்று சொந்தமாகக் கட்டுகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இது.

நானும் மச்சானும் சேர்ந்து முற்றத்தில் வைத்தே கட்டிய சின்ன கேம்பிங் டிரெய்லர். ஸ்கொயர் பைப் ஃபிரேம், உள்ளே பிளைவுட், வெளியே ஜிஐ ஷீட், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. பழைய அக்ரிலிக் ஜன்னல் மூன்றும் வெயிலில் மங்கி, மயிரிழை மாதிரி கீறல் விட்டுப்போனதால் மாற்ற வேண்டி வந்தது. நாகர்கோவில் பக்கம் ஒரு அலுமினியம் ஃபேப்ரிகேஷன் கடை. பெயர் வேண்டாம்.

கடைக்காரர் நேரிலேயே வந்தார். வெறுமனே நீளம் அகலம் எடுத்துவிட்டுப் போகவில்லை, மூலைக்கு மூலை குறுக்கு அளவும் எடுத்தார், பிளைவுட்டை விரலால் தட்டிப் பார்த்து "இந்த இடம் கொஞ்சம் ஊறியிருக்கு" என்று சரியாகச் சொன்னார். அம்மா போட்ட சாயாவைக் குடித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு துண்டு டஃபன் கிளாஸை, அதாவது சூடேற்றிக் கடினப்படுத்தின கண்ணாடியை எடுத்து, அது டஃபன்தான் என்று மூலையில் இருந்த முத்திரையைக் காட்டினார். "அண்ணாச்சி, ஆரல்வாய்மொழி காத்துலகூட அசையாது, நான் கேரண்டி." குறுக்கு அளவு எடுக்கத் தெரிந்த ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? 18,500 ரூபாயையும் அங்கேயே அனுப்பினேன்.

மாட்டின அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். அம்மாதான் பார்த்திருக்கிறார்கள்: வந்த பையன்கள் முற்றத்திலேயே கண்ணாடியைக் கட்டரால் கீறி, ஒடித்து, அளவுக்குக் கொண்டுவந்து பொருத்தினார்களாம். டஃபன் கிளாஸை அப்படி வெட்டவே முடியாது! சூடேற்றிக் கடினப்படுத்துவதற்கு முன்பே வெட்டி முடித்துவிட வேண்டும், பிறகு வெட்டப் போனால் மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். போய்ப் பார்த்தால் மூன்று ஜன்னலில் ஒன்றில்கூட முத்திரை இல்லை. ஓரத்தில் அப்பியிருந்த சிலிக்கானில் வினிகர் வாடை மூக்கைத் துளைத்தது. அது மீன்தொட்டி ஒட்டுகிற அமில வகை, இரும்பு ஷீட்டை அரிக்கும். இப்போது ஜிஐ ஷீட்டில் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

அன்று ராத்திரியே போன் போட்டேன். "டஃபன்தான் அண்ணாச்சி, முத்திரை அழிஞ்சிருக்கும்" என்றார். அப்புறம் பேச்சிப்பாறை போகிற வழியில் ஒரு வேகத்தடை, பின் ஜன்னல் படீரென்று போனது. டஃபனாக இருந்தால் மழுங்கின சின்னச் சின்னத் துண்டுகளாக உதிர்ந்திருக்கும். இது கத்தி மாதிரி நீளநீளமாக உடைந்து பிள்ளை படுக்கிற மெத்தையில் குத்தி நின்றது. நல்லவேளை, பிள்ளை எங்களோடு ஜீப்பில் இருந்தாள். அன்று பெய்த மழை உள்ளே இறங்கி பிளைவுட்டும் உப்பிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் கொடுமை. "பையனை அனுப்புதேன்." "மழை விடட்டும்." "கடையில ஆளு இல்ல, நாளைக்குப் பேசுங்க." அனுப்பின போட்டோவுக்கெல்லாம் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நேரில் போனால் மருமகன் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், "ரோட்டு குலுக்கத்துல உடையதுக்கு நாங்க என்ன செய்ய?" என்கிறார். பில் கேட்டால் துண்டுச் சீட்டில் "கண்ணாடி வேலை 18,500" என்று எழுதித் தருகிறார்கள், டஃபன் என்ற சொல்லே அதில் கிடையாது. இத்தனைக்கும் என்னிடமே "வண்டியை மெதுவா ஓட்டுங்க" என்று புத்தி வேறு.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, இவ்வளவுதான் இப்போது வருகிறது. ஒவ்வொரு கண்ணாடியிலும் முத்திரை இருக்கிறதா என்று மாட்டுவதற்கு முன்னால் பாருங்கள். இடத்தில் வைத்து வெட்ட ஆரம்பித்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். சிலிக்கான் டியூபில் நியூட்ரல் (அமில வகை இல்லாதது) என்று போட்டிருக்க வேண்டும், ஃபிரேமுக்கு அடியில் பியூட்டைல் டேப், அதாவது தண்ணீர் இறங்காமல் அடைக்கிற பிசின் மாதிரியான ஒட்டு நாடா கேளுங்கள். நம்ம ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, வெறும் சிலிக்கானை மட்டும் நம்பாதீர்கள். பில்லில் என்ன கண்ணாடி என்று எழுதி வாங்காமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். 18,500 ரூபாய் திரும்பி வராவிட்டால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், விடமாட்டேன். தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வண்டி ஜன்னல் ஒழுங்காகப் போட்டுத் தருகிற ஆள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள், பின்பக்கம் தார்ப்பாய் கட்டித்தான் கிடக்கிறது.