கண்மாய்க்கரைக்கு ஏற்ற சக்கரம்: 16 அங்குல இரும்பா, 18 அங்குல அலாயா?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் கரடுமுரடான பாதைக்கென்றே செய்யப்பட்ட எஸ்யூவி வண்டிகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை மண்ணில் இறங்குவது அபூர்வம். தார் என்று பெயர் வைத்துக்கொண்ட வண்டி தார்ச்சாலையிலேயே தன் ஆயுளைக் கழித்துவிடுகிறது. ஆனாலும் குலதெய்வத்தைக் கண்மாய்க்கரையில் வைத்திருக்கிறவர்கள் சிவராத்திரிக்கும் புரவி எடுப்புக்கும் அந்தக் கரை வழியாகத்தான் போயாக வேண்டும். தோப்பும் புன்செயும் வைத்திருக்கிறவர்களுக்கு மாதம் நான்கு முறையாவது வண்டிப்பாதையில் வேலை இருக்கிறது. எந்த ரிம், எந்த டயர் என்ற கேள்வியை அவர்களை மனத்தில் வைத்தே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஒப்பிடுவதற்கு என்னிடம் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று எங்களுடையது, மற்றொன்று பங்காளி வீட்டுத் தம்பியுடையது. இரண்டும் 2020இல் வெளிவந்த தலைமுறையைச் சேர்ந்த மூன்று கதவு மஹிந்திரா தார். இரண்டும் ஃபோர் வீல் டிரைவ். நாங்கள் வாங்கியது விலை குறைந்த ரகம் என்பதால் 245/75 R16 அளவு டயர், இரும்பு ரிம்மில் வந்தது. தம்பி வாங்கியது மேல் ரகம். 255/65 R18 அளவு, அலாய் எனப்படும் அலுமினியக் கலவை ரிம். முதல் செட் டயர் தேய்ந்தபோது நாங்கள் எல்லாத் தரைக்கும் பொதுவான ஏ/டி வகையைப் போட்டோம்; அவர் சேற்றுக்கென்றே வார்க்கப்பட்ட எம்/டி வகைக்கு மாறினார். அதற்கு அவர் சொன்ன காரணம் சேறு. உண்மையான காரணம் வண்டியின் தோற்றம் என்பது இருவருக்கும் தெரியும்.

முதலில் அளவைப் பார்க்கலாம். 245 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்பது. 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். பெருக்கிப் பார்த்தால் எங்கள் டயரின் பக்கச்சுவர் ஏறத்தாழ 184 மி.மீ., தம்பியுடையது 166 மி.மீ. என்று வரும். மொத்த விட்டம் எங்களுக்கு 774 மி.மீ., அவருக்கு 789 மி.மீ. விட்ட வேறுபாட்டில் பாதிதான் வண்டியின் உயரத்தில் சேரும் என்பதால், பதினெட்டு அங்குலச் சக்கரம் வண்டியைத் தரையிலிருந்து கூடுதலாகத் தூக்குவது ஏழு மி.மீ. மட்டுமே. ஏழு மி.மீ. இடைவெளிக்காகப் பதினெட்டு மி.மீ. ரப்பரை விட்டுக்கொடுப்பது, கடல் கடந்து லேவாதேவி செய்த வம்சத்தில் பிறந்த ஒருவருக்கு நல்ல கணக்காகத் தோன்ற வழியில்லை.

பக்கச்சுவரின் உயரத்துக்கு இத்தனை மதிப்புக் கொடுப்பதற்குக் காரணம், தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் நாம் செய்யும் முதல் வேலை காற்றைக் குறைப்பதுதான். ஓட்டுநர் பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் குறித்த அழுத்தத்திலிருந்து 18 அல்லது 20 பிஎஸ்ஐ வரை இறக்கினால், டயர் தரையில் பதியும் பரப்பு நீளவாக்கில் பெருகி, உதிரி மணலில் புதையாமல் மிதந்து செல்கிறது. சரளைக் கற்களின் மேல் ஏறும்போது ரப்பர் கல்லை உள்வாங்கிக்கொள்கிறது. அப்படி அமுங்குவதற்கு உயரம் வேண்டும். உயரம் குறைந்த டயரில் அதே அழுத்தம் வைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ரப்பர் நசுங்கும். தொண்டிப் பக்கம் கடற்கரை மணலில் தம்பியின் வண்டி அச்சு வரை இறங்கியதற்கு அந்த எம்/டி டயரின் ஆழமான வெட்டுகளும் ஒரு காரணம். மணலில் அவை பிடிப்பதற்குப் பதிலாகத் தோண்டுகின்றன. காற்றைக் குறைத்தவர், தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் நிரப்பியாக வேண்டும். காற்றுக் குறைந்த டயர் சித்திரை வெயிலில் வேகமாக ஓடினால் பக்கச்சுவர் ஓயாமல் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும். பேட்டரியில் மாட்டும் சிறிய கம்ப்ரசர் ஒன்று வண்டியில் இருப்பது, விலை உயர்ந்த டயர் இருப்பதைவிடப் பயனுள்ளது.

இனி நம் தரைக்கு வருகிறேன். சேறு என்ற சொல்லைக் கேட்டதும் எம்/டி வாங்குபவர்கள், இங்கே சேறு இருக்கும் காலத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை தவிர்த்தால் கண்மாய் உள்வாயின் வண்டல் வெடிப்பு விட்டுக் காய்ந்துதான் கிடக்கிறது. ஆண்டு முழுவதும் இருப்பவை செம்புறாங்கல் சரளையும் சீமைக் கருவேல முள்ளும். ஆகவே செட்டிநாட்டில் டயர் வாங்குகிறவர் சேற்றுக்கு அல்ல, முள்ளுக்குத்தான் டயர் வாங்குகிறார் என்பது என் தீர்மானமான கருத்து.

முள் விஷயத்தில் இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு, வாங்கும்போது சொல்லப்படும் அளவுக்குப் பெரிதல்ல. கடைக்காரர்கள் பட்டன் என்று சொல்லும் ரப்பர்க் கட்டைகள் எம்/டியில் தடித்தும் உயர்ந்தும் இருக்கின்றன. அவற்றில் ஏறும் முள் உள்ளே போய்ச் சேர்வதற்குள் முறிந்துவிடும். ஆனால் அந்தக் கட்டைகளுக்கு இடையே அகன்ற பள்ளங்கள் இருக்கின்றன; பள்ளத்தில் ரப்பர் மெல்லிது. ஏ/டியில் கட்டைகள் நெருங்கியிருப்பதால் முள்ளுக்குக் கிடைக்கும் பள்ளம் குறைவு. தரையில் பதியும் பகுதியில் குத்தினால் இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே: முள்ளை அப்படியே விட்டுவிட்டு, காற்று மெதுவாகத்தான் இறங்குகிறதா என்று பார்த்து, கடை வரை ஓட்டிப் போய் ரப்பர்த் திரியைச் செருகிக்கொள்ளலாம். வயலிலேயே பிடுங்கிப் பார்க்கும் ஆர்வம்தான் பலரை ஜாக்கியோடு முள்காட்டில் உட்கார வைக்கிறது. பக்கச்சுவரில் குத்தினால் கதை வேறு. தம்பியின் டயரில் ஒரு முறை வெட்டிப் போட்ட கருவேலங்கட்டையின் கூர்முனை பக்கவாட்டில் இறங்கியது. பஞ்சர் கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது சைடுல போயிருச்சுண்ணே, ஒட்டுனா நிக்காது, மாத்திருங்க" என்று சொல்லிவிட்டார். அதை எம்/டியின் குறை என்று சொல்ல மாட்டேன். சில எம்/டி டயர்களின் பக்கச்சுவரில் மூன்றடுக்கு இழை உண்டு, எங்கள் டயராக இருந்தாலும் அந்தக் கட்டை விட்டிருக்காது. வேறுபாடு மாற்றும்போது தெரிந்தது. அந்த அளவில், அந்த மாதிரியில் ஒற்றை டயர் காரைக்குடியில் கிடைக்காமல் வெளியூரிலிருந்து வரவழைக்க ஒரு வாரத்துக்கு மேலானது.

தார்ச்சாலையில் எம்/டி தோற்பது ஐயத்துக்கு இடமில்லாதது. கட்டைக்கும் கட்டைக்கும் இடையே வெற்றிடம் அதிகம் என்பதால் சாலையைத் தொடும் ரப்பர் குறைவு. ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கிறது. முதல் மழை விழுந்து, எண்ணெயும் புழுதியும் கலந்த மெழுகுப் பதத்தில் சாலை இருக்கும்போது திருமயம் பக்கம் இதை அவர் வண்டியில் உட்கார்ந்தே உணர்ந்தேன். இரைச்சலும் உண்டு, எழுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் முன்னிருக்கையில் பேசுவது பின்னிருக்கைக்குக் கேட்பதில்லை. எடை கூடுவதால் டீசலும் கூடுதலாகச் செலவாகிறது, தேய்மானமும் விரைவு. எம்/டி தன் விலையை நியாயப்படுத்துவது ஒரே இடத்தில்: கார்த்திகை மாதத்தில் களிமண் சேற்றில் ஏ/டியின் நெருக்கமான பள்ளங்கள் அடைத்துக்கொண்டு வழவழப்பான உருளையாகிவிடும்போது, எம்/டி சுழலும் வேகத்திலேயே சேற்றை உதறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. எங்கள் வண்டி அப்படி நின்ற இரண்டு முறையும் இழுத்துவிட்டது தம்பியின் வண்டிதான். இரண்டுக்கும் நடுவே ஆர்/டி என்று ஒரு வகை வந்திருக்கிறது. அதை நான் ஓட்டிப் பார்க்கவில்லை என்பதால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

ரிம்மில் என் சார்பு வெளிப்படையானது. வலுவாக அடி விழுந்தால் இரும்பு வளையும், வார்ப்பு அலாய் விரிசல் விடும். வளைந்ததைப் பட்டறையில் தட்டி நிமிர்த்திக் காற்று நிற்கும் அளவுக்குக் கொண்டுவரலாம். விரிசல் விட்ட அலாயைப் பற்றவைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. இரும்பின் குறைகளும் எனக்குத் தெரியும். எடை அதிகம், அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே சேர்வதால் மேடுபள்ளத்தில் வண்டி அதிகம் துள்ளுகிறது. துருவும் பிடிக்கும், கடலோரம் போய்வந்தால் உட்புறத்தையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அலாய் அழகாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்புக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்க இரும்பு ரிம் அவ்வளவு பொருந்தாது.

மேல் ரகம் வைத்திருக்கிறவர் பதினாறு அங்குலத்துக்கு இறங்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். அதே வண்டியை நிறுவனமே அந்த அளவில் விற்றிருப்பதால் வழி இருக்கிறது. ஆனால் மூன்று விஷயங்களை ரிம்மை மாட்டிப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். பிரேக் தட்டைக் கவ்வும் காலிபரில் ரிம் இடிக்காமல் அமர வேண்டும். போல்ட் நுழையும் ஆறு ஓட்டைகளின் வட்டம் விட்டத்தில் 139.7 மி.மீ. ஆகவும் நடுத்துளை, சக்கரம் அமரும் ஹப்புக்குச் சரியாகவும் இருக்க வேண்டும். சக்கரம் வெளியே துருத்தாதபடி, ரிம் எவ்வளவு உள்ளே அமர்கிறது என்பதைக் குறிக்கும் ஆஃப்செட் பழைய ரிம்மோடு ஒத்திருக்க வேண்டும். துருத்திய சக்கரம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் பேரிங்கின் மேல் நெம்புகோல் போல எடையை ஏற்றும். அலாய்க்கு வந்த நட்டைச் சரிபார்க்காமல் இரும்புக்கு மாட்டக்கூடாது. அமரும் முகத்தின் வடிவம் வேறாக இருந்தால் முறுக்கியது போலத் தெரிந்தும் தளர்ந்துவிடும். மாட்டிய நூறு கிலோமீட்டருக்குள் ஒரு முறை மீண்டும் முறுக்கிப் பார்ப்பது நல்லது.

அளவைப் பெரிதாக்க நினைப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை நினைவில் கொள்ள வேண்டும். நிறுவனம் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியிருக்கிறது. விபத்து இழப்பீட்டின்போது காப்பீட்டு நிறுவனம் டயர் அளவைக் காட்டிக் கேள்வி எழுப்பினால் பதில் சொல்வது நாம்தான். பெரிய டயர் வேகமானியையும் ஏமாற்றும். விட்டம் இரண்டு விழுக்காடு கூடினால் முள் 80 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 82இல் போகிறது.

ஜிம்னி வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அதன் இரண்டு ரகங்களுக்கும் 195/80 R15 தான். பக்கச்சுவர் 156 மி.மீ., வண்டியின் எடைக்கு அது தாராளம். அதே அளவில் ஏ/டி கிடைத்தால் அதைப் போட்டு விட்டுவிடலாம். தார் ராக்ஸின் உயர் ரகத்தில் வரும் 255/60 R19 அளவில் பக்கச்சுவர் 153 மி.மீ. மட்டுமே, அத்தனை கனமான வண்டிக்கு ஜிம்னியைவிடக் குறைந்த ரப்பர் என்பதால், மண்ணில் இறங்குகிறவர் அதன் 18 அங்குல ரகத்தையே பார்க்கலாம்.

கடையில் டயரைத் தொட்டுப் பார்க்கும்போது எடைக் குறியீடு பழையதைவிடக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 109 என்றால் ஒரு டயர் 1030 கிலோவும் 112 என்றால் 1120 கிலோவும் தாங்கும். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம் பிறந்த தேதி: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். நன்றாகத் தள்ளுபடி தருகிற டயரில் இந்த எண்ணை முதலில் படிப்பது வழக்கமாக வேண்டும். மலாயாவில் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தும் சில தோட்டங்களைச் சொந்தமாக்கியும் வீடு கட்டிய ஊர் இது. ரப்பர் வைத்திருந்தால் கெடும் பொருள் என்பதை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி இப்போது நான்கு இரும்பு ரிம்மும் 245/75 R16 ஏ/டியும் வாங்கி மாட்டிவிட்டார். எம்/டி செட் கார்த்திகைக்காகக் கொட்டகையில் இருக்கிறது. ஐந்தாவது ரிம் இன்னும் வரவில்லை, பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி பழைய பதினெட்டுதான். 1904இல் வேல்ஸில் லானெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவில் உதிரிச் சக்கரம் செய்தவர்கள் வைத்த பெயர், அவர்கள் ஊரில் வழக்கொழிந்தும் நம் பஞ்சர் கடைகளில் பிழைத்திருக்கிறது. அந்த ஸ்டெப்னியை மாட்ட நேர்ந்தால், விட்டம் 15 மி.மீ. மாறுவதால், முன், பின் அச்சுகளை வேறுவேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத இந்த வண்டியில், நான்கு சக்கரங்களையும் இயக்கும் 4H போடக்கூடாது. டூ வீல் டிரைவிலேயே மெதுவாக ஊர் வந்து சேர வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.