ஷெர்வானி கேட்டுப் போய் அச்கன் தைத்து வந்தோம்

தம்பிக்கு மே மாசம் ராயபுரத்தில் ரிசப்ஷன். ஷெர்வானிதான் என்று வீட்டில் எல்லாரும் முடிவே பண்ணிவிட்டார்கள். முதலில் ஒரு பெரிய ரெடிமேட் கடையில் 14,000 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டினார்கள். கழுத்தெல்லாம் ஒட்டுக் கல். அதைப் போட்டு ஏசியில் நின்றபோதே அவன் முதுகு நனைந்துவிட்டது.

பிறகுதான் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் தையல் கடைக்குப் போனோம். அப்பாவின் கல்யாண கோட்டும் அங்கே தைத்ததுதான்.

மாஸ்டர் பாய் டேப்பை எடுக்கும் முன்னாடியே, "எந்த மாசம்மா? மண்டபம் ஏசியா?" என்று கேட்டார். அப்புறம் ஆணியில் தொங்கிய நான்கு உடுப்புகளை இறக்கி மேஜையில் விரித்தார். ஷெர்வானியை என் கையில் கொடுத்தார், நல்ல கனம். உள்ளே முழு லைனிங், நெஞ்சுக்கு கேன்வாஸ், இடுப்புக்குக் கீழே விரிந்து முழங்காலைத் தாண்டுகிறது. அச்கனுக்கும் அதே நின்ற காலர், அதே முன்பக்கப் பட்டன் வரிசை. ஆனால் துணி லேசு, உடம்பை ஒட்டி நேராக இறங்கும். "நேரு ரோஜா குத்தியிருப்பாரே, அந்த நீளக் கோட்டும்மா!" இடுப்புக்குச் சற்றுக் கீழே முடிவது பந்த்கலா, ஜோத்பூரி என்று நம் கடைகளில் விற்பது அதைத்தான். பட்டனே இல்லாமல் மார்பின் குறுக்கே மடித்து நாடாவால் கட்டுவது அங்கர்கா. இத்தனை வருஷம் நான் எல்லாவற்றையும் ஷெர்வானி என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மே மாச வெயிலுக்கு அச்கன் போதும் என்றார். சந்தன நிற சில்க் காட்டனில் மூன்றரை மீட்டர் வாங்கிக் கொடுத்தோம். லைனிங் நெஞ்சுக்கு மட்டும், அதுவும் மெல்லிய மல் துணி. காஜா, அதாவது பட்டன் துளை, அத்தனையும் கையால் எடுத்தது. நூல் ஒவ்வொன்றும் பக்கத்தில் பக்கத்தில் நெருங்கி, தடவிப் பார்த்தால் சின்ன வரப்பு மாதிரி இருக்கிறது. கூலி 4,500 ரூபாய்.

குறையும் உண்டு. புதன்கிழமை தருவதாகச் சொல்லி வெள்ளி ராத்திரிதான் கொடுத்தார்; ஞாயிறு ரிசப்ஷன், அம்மா அழுதேவிட்டாள். காலரும் இறுக்கிக் கழுத்தில் சிவப்பாகத் தடம் விழுந்தது. அங்கேயே உட்கார்ந்து பிரித்து, இரண்டு விரல் நுழையும்படி மறுபடி தைத்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

மேடையில் மூன்று மணி நேரம் நின்றான். நடுவில் கரண்ட் வேறு போனது. கழற்றும்போது பார்த்தேன், முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத்தான் ஈரம்.

துணியோடு ஒரு மாசம் முன்னாடியே போய்விடுங்கள். சாயங்காலம் எம்.சி. ரோட்டில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. காலையிலேயே போவது நல்லது.