படுத்தா, கரைமேட்டில் நின்றா, காரிலிருந்தா? பினாங்கில் கரைப்பறவைகளைப் படமெடுக்க

பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை நீளும் சேற்றுவெளிக்கு, செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வலசைப் பறவைகள் வருகின்றன. பட்டாணி உப்புக்கொத்தி, பவளக்காலி, மூக்கன், கோட்டான் (ஆந்தையல்ல, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை), கொடுத்துவைத்திருந்தால் அருகிவரும் நார்ட்மன் பச்சைக்காலியும் கிடைக்கும். படமெடுக்க மூன்று வழி: தரையில் படுப்பது, கரைமேட்டில் டிரைபாட் போட்டு நிற்பது, வயலோரம் காரிலேயே இருப்பது. எங்கள் ஓட்டு படுப்பதற்கே. ஆனால் ஓதம் (கடல் ஏற்றம்) உச்சத்தில் இருக்கும்போது அதைச் செய்யவே கூடாது.

படுப்பதால் என்ன மாறுகிறது? உப்புக்கொத்தியின் கண் தரையிலிருந்து சுமார் 12 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, பறவை 15 மீட்டர் தள்ளி நிற்கிறது. 1.6 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால், பார்வைக்கோடு பறவைக்குப் பின்னால் ஒன்றேகால் மீட்டருக்குள் சேற்றில் முட்டிவிடும். லென்ஸை 20 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால், அதே கோடு 22 மீட்டர் கடந்துதான் தரையைத் தொடும். 600 மி.மீ., எஃப் 6.3 துளையில் கூர்மையாகத் தெரியும் ஃபோகஸ் ஆழம் ஏறக்குறைய 24 செ.மீ.தான். அதனால் நின்று எடுத்த படத்தில் நண்டுவளையும் சிப்பித்துண்டும் பறவையோடு போட்டி போடும். படுத்து எடுத்ததில் பின்னணி பாலாடைபோல் வழுவழுவென்று கரைந்துவிடும். எஃப் 4 லென்ஸுக்குச் செலவழித்தாலும், நின்றபடி எடுத்தால் இந்த வித்தியாசம் வராது.

ஆனால் பறவையை நோக்கித் தவழ வேண்டாம். ஓத அட்டவணை பார்த்து, உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், மணல் கலந்த கெட்டியான விளிம்பில் படுத்துவிடுங்கள். ஏறும் தண்ணீரே பறவைகளை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். நடுச்சேறு முழங்கால்வரை இழுக்கும், அங்கே இறங்காதீர்கள். முதுகுப்பக்கத்து ஓடைகளில்தான் தண்ணீர் முதலில் ஏறும். அடிக்கடி திரும்பிப் பாருங்கள். குட்டை டிரைபாட்டின் கால்கள் சேற்றில் புதையும். பழைய வாணலியின் நடுவில் துளையிட்டு, 3/8 அங்குல போல்ட் மாட்டி, மேலே கிம்பல் ஹெட்டை (கனமான லென்ஸை எளிதாகத் திருப்ப உதவும் தாங்கி) திருகினால் சேற்றில் வழுக்கிக்கொண்டு நகரும். போல்ட் ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும். திருப்பும் திரையுள்ள கேமரா கழுத்தைக் காப்பாற்றும்.

ஓதம் உச்சத்தை நெருங்கும்போது பறவைகள் ஒரே திட்டில் நெருங்கி நின்று இளைப்பாறும். அதற்கு முன்பே மெதுவாகப் பின்வாங்கி எழுந்துவிடுங்கள். அவை ஒதுங்கிய பிறகு எழுந்தால் மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும். சைபீரியா வரை பறக்கச் சேர்த்த கொழுப்பு வீணாகும். இந்த நேரத்துக்குக் கரைமேடும் டிரைபாட்டும்தான் சரி: கூட்டப் படம், பறக்கும் படம், ஆய்வாளர்கள் அடையாளத்துக்காகக் கால்களில் மாட்டிய வண்ணக்கொடிகளைப் பதிவுசெய்வது. மேய்வதை நிறுத்தித் தலை நிமிர்த்தினாலே அது எச்சரிக்கை, பின்னால் போங்கள். பறக்கும் படத்துக்கு 1/2500 நொடி, மெக்கானிக்கல் ஷட்டர். பெரும்பாலான கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தில் இறக்கையை வளைத்துக் காட்டிவிடும்.

கார் வழி பினாங்குத் தீவிலுள்ள பாலிக் பூலாவ் வயல்களுக்கு நல்லது. பொறி உள்ளான், பசிபிக் தங்க உப்புக்கொத்தி போன்றவை காரைக் கண்டு அவ்வளவாக மிரள்வதில்லை. எஞ்சினை அணையுங்கள், கதவு விளிம்பில் அரிசி நிரப்பிய பீன்பேக் வையுங்கள். கோணம் உயரமாகவே இருக்கும், அதற்கு மருந்தில்லை.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, செபராங் பிறைப் பக்கத்து (பட்டர்வொர்த் இருக்கும் பெருநிலப் பகுதி) கரை மேற்கு நோக்கியது. காலையில் வெயில் உங்கள் முதுகில், பறவையின் முகத்தில் விழும், மாலையில் நிழலுருவம்தான். அதனால் உச்ச ஓதம் காலை 9 மணியை ஒட்டி வரும் நாளாகப் பாருங்கள். ஓத நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நாள்தான் தோதாக அமையும். 10 மணிக்கு மேல் சேறு சூடேறிக் காற்று அலைபாயும். எந்த லென்ஸும் அதை ஊடுருவாது.

லென்ஸில், 600 மி.மீ. எஃப் 4 பிரைம் (ஜூம் இல்லாதது) மூன்று கிலோவைத் தொடும், தவழ்ந்து இழுப்பது பெரும்பாடு. 100-400 இலகுவானது, ஆனால் 20 செ.மீ. பறவை 10 மீட்டரில்கூட ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவின் பட அகலத்தில் கால்பங்குக்கும் குறைவாகவே தெரியும். ஒன்றுக்குத்தான் பணம் என்றால், ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவோடு 150-600 ஜூமை வாங்குங்கள்: 15 மீட்டரில் அதே பறவை சட்டகத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பும்.