கீழக்கரை பெயர்ப்பலகைக் கடை: வேலைப்பாடு அருமை, பொருள் வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள்

பிள்ளைக்குப் பெயர் வைத்ததும் அதை அரபு எழுத்தில் வெட்டி, கீழே தமிழில் பொருளும் போட்டுச் சுவரில் மாட்டுவது எங்கள் பக்கம் இப்போது வழக்கமாகிவிட்டது. என் தங்கச்சி மகன் அர்சலானுக்கு அப்படி ஒரு பலகையைக் கீழக்கரையில் செய்யக் கொடுத்தேன்.

முதலில் வேலைப்பாடு. தேக்குப் பலகையில் பித்தளை எழுத்து. அர்சலான் என்பதை அரபில் எழுதினால் அலிஃப், ரா என்ற எழுத்துகள் தனித்தனியாக நிற்கும், சீன், லாம், அலிஃப் மூன்றும் சேர்ந்து வரும், கடைசி நூன் மறுபடி தனி. கம்ப்யூட்டரில் அடித்ததை அப்படியே வெட்டுகிறவர்கள் இந்த இடைவெளிகளில்தான் கோட்டை விடுவார்கள், பெயர் நாலு துண்டாகக் கிடக்கும். இவர்கள் ராவின் வாலை நீட்டி சீனுக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். சீனின் மூன்று பற்களும் கூராக நிற்கின்றன, விரலால் தடவினால் எங்கேயும் பிசிறு தட்டவில்லை. கைத்தொழில் தெரிந்தவர் வேலை.

ஆனால் பொருள் வரிக்கு அவர்கள் காட்டிய மாதிரியில் ‘அர்சலான், அரபு, அனுப்பப்பட்டவர்’ என்று இருந்தது.

“காக்கா, இது அரபுப் பெயர் இல்லையே” என்றேன் கடைக்காரரிடம். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“எங்க லிஸ்ட்ல அப்படித்தான் தம்பி இருக்கு. எல்லாருக்கும் இதைத்தான் போடுறோம்” என்றார்.

ரசூல் (தூதர்), ரிசாலத் (தூது) ஆகிய அரபுச் சொற்களில் வரும் ரா, சீன், லாம் இந்தப் பெயரிலும் அதே வரிசையில் வருகின்றன. குழப்பம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும். அர்சலான் துருக்கிய மொழிகளின் சொல், பொருள் சிங்கம். அரபில் சிங்கத்துக்கு அசத், ஹைதர் என்று வேறு பெயர்கள் உண்டு. கஷ்காரைச் சேர்ந்த மஹ்மூத் 1070களில் பாக்தாதில் இருந்துகொண்டு துருக்கிய மொழிக்கு அரபில் எழுதிய அகராதியிலேயே அர்சலான் இருக்கிறது. இன்றைய துருக்கியில் அதை அஸ்லான் என்கிறார்கள். சிறுத்தை, புலி வகைக்கு அவர்கள் சொல்லும் கப்லானிலும் அதே ‘லான்’ முடிவைப் பார்க்கலாம். ஹங்கேரிக்காரர்கள் சிங்கத்தை ஒரோஸ்லான் என்பது துருக்கியரிடம் வாங்கியதுதான்.

அரசர்கள் விரும்பி வைத்துக்கொண்ட பெயர் இது. மத்திய ஆசியாவில் துருக்கிய வம்சத்துக் காராகானிய மன்னர்கள் அர்சலான் கான் என்று பட்டம் சூடினார்கள், இன்னொரு பட்டமான புக்ரா கானுக்கு ஆண் ஒட்டகம் என்று பொருள். 1071இல் மன்சிகர்ட் போரில் பைசாந்தியப் பேரரசர் நான்காம் ரோமானோஸைச் சிறைபிடித்த செல்ஜுக் என்ற துருக்கிய வம்சத்துச் சுல்தான் அல்ப் அர்சலான். அல்ப் என்றால் வீரன். அவருக்கு முஹம்மது என்ற பெயரும் உண்டு. மார்க்கப் பெயர் ஒன்று, குலத்து மொழியில் ஒன்று என்று இரண்டையும் சேர்த்துச் சுமந்தவர்கள் அவர்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர் என்று வளர்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஒன்றும் புதிதில்லை. இவ்வளவு சரித்திரம் உள்ள பெயருக்குக் கீழே தப்பான பொருளை எழுதி மாட்டினால், நாளைக்குப் பிள்ளை அதைப் படித்துத்தான் வளரும். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அதே லிஸ்டில் தைமூருக்கும் அரபு என்றே போட்டிருந்தார்கள். அதுவும் துருக்கிய வழிப் பெயர்தான், பொருள் இரும்பு.

எடுத்துச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் ‘அர்சலான்: துருக்கிய மொழியில் சிங்கம்’ என்று மாற்றித் தந்தார்கள், கூடுதலாகக் காசும் கேட்கவில்லை. அந்தக் குணத்துக்காகவே மறுபடியும் அங்கே போவேன். ஆனால் சொன்ன தேதிக்குத் தரவில்லை. பிள்ளை பிறந்ததற்காக ஆடு அறுத்துக் கொடுக்கும் அகீகா விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள் பலகையைப் பார்க்காமலே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், தங்கச்சிக்கு அதில் வருத்தம்தான். விசேஷத்துக்கு வேண்டுமென்றால் நல்ல இடைவெளி விட்டு ஆர்டர் கொடுங்கள்.

இன்னொன்று, பின்னால் அடித்திருக்கும் கொக்கி இரும்பு. நம் கடற்கரை உப்புக் காற்றில் அது சீக்கிரம் துருப்பிடித்துச் சுவரில் கறை இறக்கும். எவர்சில்வர் கொக்கி கேட்டால் போட்டுத் தருகிறார்கள். பித்தளைக்கும் மேலே வார்னிஷ் பூசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பச்சை பிடிக்கும்.

விலை 2,400 ரூபாய், தேக்குக்கு இது நியாயம்தான். பிளைவுட்டிலும் செய்கிறார்கள், கடலோர வீட்டுக்கு அது வேண்டாம், உப்பிவிடும். அஸர் (மாலைநேரத்) தொழுகைக்குப் பிறகு போனால் எழுத்து வெட்டுகிறவரிடமே நேரில் பேசலாம்.